கறையும் இல்லை, எதிர்மறையும் இல்லை: பாஸ்போடங்ஸ்டிக் அமிலம்

போன ஞாயிற்றுக்கிழமை, ரங்கூனில் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பு முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கைப்பேசியை நீட்டி, "மாமா, இதைக் கொஞ்சம் வாசிச்சு அர்த்தம் சொல்லுங்க" என்றாள். வைரஸ் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை. அதில் ஒரு வரி: 'மாதிரி, பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தால் எதிர்மறைக் கறைப்படுத்தப்பட்டது.' அவள் கேட்டாள்: "அமிலத்தை ஊத்தி வைரஸை அழுக்காக்கிட்டாங்களா மாமா?"

அவள் மேல் என்ன தப்பு? பள்ளியில் வேதியியலைப் பர்மியிலும் ஆங்கிலத்திலும் படிப்பவள், தமிழ் வாரத்துக்கு ஒரு நாள்தான். கண்ணில் பட்ட சொல்லுக்குத் தனக்குத் தெரிந்த அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்வாள். ஆங்கிலத்து 'நெகட்டிவ் ஸ்டெயின்' என்பதை அப்படியே பெயர்த்த இந்த 'எதிர்மறைக் கறை' என் கண்ணில் படுவது இது நாலாவது தடவை, கொரோனா காலத்தில் மட்டுமே இரண்டு தடவை. இனிப் பொறுக்க முடியாது.

முதலில் பெயர். பாஸ்பரஸ் கிரேக்கச் சொல், ஒளியைக் கொண்டு வருவது என்று பொருள். டங்ஸ்டன் சுவீடன் மொழி: டுங் என்றால் கனம், ஸ்டென் என்றால் கல். 1781இல் ஷீலே என்ற வேதியியலாளர் ஒரு கனத்த கல்லிலிருந்து புது அமிலம் ஒன்றைப் பிரித்தார். 1783இல் ஸ்பெயினில் எல்ஹுயார் சகோதரர்கள் உலோகத்தையே பிரித்தெடுத்தார்கள். அதற்கு வுல்ஃப்ராம் என்ற இன்னொரு பெயரும் உண்டு, குறியீடு W ஆனது அதனால்தான். பர்மாவில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் சரக்கு இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் தாவாயிலிருந்தும், பிறகு கயா மாநிலத்து மௌச்சியிலிருந்தும் கப்பல் கப்பலாகப் போனது இந்த உலோகம் உள்ள கல்தான். தாவாய்ப் பக்கம் கங்காணியாக இருந்த என் தாத்தா கடைசி வரை 'உல்பிராம்' என்றுதான் சொல்வார். ஒரு துண்டைக் கையில் வைத்தால் மணிக்கட்டு தாழும் என்பார்.

சரி, அந்த அமிலம். ஒரு பாஸ்பரஸ் அணு நடுவில், அதைச் சுற்றிப் பன்னிரண்டு டங்ஸ்டன், நாற்பது ஆக்சிஜன், பந்து மாதிரி கட்டிய ஒரு கூடு. வெளியே மூன்று ஹைட்ரஜன். அந்தக் கூட்டின் அமைப்பை 1930களில் எக்ஸ்ரே வைத்துக் கண்டுபிடித்தவர் கெக்கின், அதனால் கெக்கின் கூடு என்றே சொல்கிறார்கள். எடையில் முக்கால் பங்குக்கு மேல் டங்ஸ்டன். பெயரில் முந்திக்கொண்டு நிற்கும் பாஸ்பரஸ் நூற்றில் ஒரு பங்குதான்.

இதைத் தனித்தமிழில் 'எரிய மின்னிழைம அமிலம்' என்று ஒருவர் எனக்கு எழுதிக் காட்டினார். எரியம் பாஸ்பரஸாம், மின்னிழைமம் டங்ஸ்டனாம். பல்புக்குள் இருக்கும் இழையை வைத்து வைத்த பெயர் அது. இந்த அமிலத்துக்கும் பல்புக்கும் என்ன சம்பந்தம்? போதாக்குறைக்கு இழை பல்பே இப்போது அரிதாகிவிட்டது, என் வீட்டில் எல்லாம் எல்இடி. நாளைக்குப் பிள்ளைகளுக்கு இழை என்றால் என்னவென்று வேறு விளக்க வேண்டும். தமிழில் சொல் ஆக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனிமத்தின் பெயர் ஆள் பெயர் மாதிரி. அதை அப்படியே விட்டுவிட்டு, அது செய்யும் வேலைக்குத் தமிழில் நல்ல பெயர் கொடுங்கள் என்கிறேன். இங்கே தலைகீழாக நடக்கிறது. பெயருக்கு மெனக்கெடுகிறார்கள், வேலைக்கு அகராதியில் முதலில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் 'கறை'. கறை என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இந்த ஊரில் மாடிப்படித் திருப்பத்தில் குன்யா என்ற வெற்றிலை போட்டுத் துப்பிய சிவப்பு. வேட்டியில் வாழைப்பால். வேண்டாத இடத்தில் தெரியாமல் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்பது கறை. ஆய்வுக்கூடத்தில் நடப்பதோ வேண்டுமென்றே, அளந்து, மணி பார்த்துச் செய்வது.

நான் முப்பது வருஷம் நோய்க்குறியியல் ஆய்வுக்கூடத்தில் சிலைடு போட்டவன். இந்த அமிலத்தை அங்கே தசைத் துணுக்குக்குப் பயன்படுத்துவோம், மேலோரி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை. ஒரு லிட்டர் தண்ணீர், 20 கிராம் பாஸ்போடங்ஸ்டிக் அமிலம், 1 கிராம் ஹிமாடாக்சிலின். கலந்து வெளிச்சத்தில் வைத்துவிட்டால் பழுக்க மாதக்கணக்கில் ஆகும், புளித்த மாவுக்குக் காத்திருப்பது போலக் காத்திருக்க வேண்டும். பிறகு துணுக்கை அதில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவிடுவோம். காலையில் பார்த்தால் தசையின் குறுக்குக் கோடுகள் நீலமாக, கொலாஜன் என்ற புரத நார் செங்கல் நிறமாக, ஒரே குப்பியிலிருந்து இரண்டு நிறம். இதில் நிறம் கொடுப்பது மரத்திலிருந்து எடுக்கும் ஹிமாடாக்சிலின். அமிலத்தின் கரைசலுக்கு நிறமே கிடையாது. நம் சாயக்காரர்கள் நூலில் சாயம் பிடிக்கப் படிக்காரம் போடுவார்களே, அந்த இடத்தில்தான் இது நிற்கிறது. ஆக, இங்கே 'சாயமேற்றல்' என்று எழுதினால் சரி. அமிலத்தையே 'சாயம்' என்று எழுதினால் தப்பு.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வருவோம், வம்பே அங்கேதான். அந்தக் கருவியை நான் தொட்டதில்லை, படங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதில் நிறம் என்ற பேச்சே இல்லை, வெளிச்சமும் இருட்டும்தான். வைரஸ் லேசான அணுக்களால் ஆனது, எலக்ட்ரான் அதில் சுலபமாகப் புகுந்து போய்விடும், படத்தில் ஒன்றும் தெரியாது. டங்ஸ்டன் கனத்த அணு, எலக்ட்ரானைச் சிதறடிக்கும். அதனால் ஒன்றிரண்டு சதவீதக் கரைசலை வைரஸ் மேல் ஒரு சொட்டு விட்டு, வடிதாளால் ஓரத்தில் உறிஞ்சி எடுத்து உலர விடுகிறார்கள். கரைசல் வைரஸைச் சுற்றியும் அதன் மேடு பள்ளங்களிலும் தங்கி உலர்ந்துவிடும். சுற்றி இருட்டு, நடுவில் வைரஸ் வெளிச்சமாக. மழைத் தண்ணீர் வடிந்த பிறகு முற்றத்தில் கிடக்கும் செங்கல்லைச் சுற்றிச் சேறு காய்ந்து, செங்கல் மட்டும் எடுப்பாகத் தெரியுமே, அதே கதை. பிரென்னர், ஹோர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959இல் இதை வைரஸுக்குச் சீராகச் செய்து காட்டினார்கள், பிறகு எல்லா ஊரிலும் பரவியது.

வைரஸுக்குள் ஒன்றும் ஏறவில்லை, படிந்தது சுற்றிலும் அதன் பள்ளங்களிலும்தான். அப்புறம் எப்படி வைரஸ் 'கறைப்படுத்தப்பட்டது'? ஒரு எழுத்தை மாற்றிக் 'கரை' என்று எழுதியிருந்தால்கூடப் பாதி உண்மையாக இருந்திருக்கும், சேலைக்குக் கரை கட்டுவது போல. 'எதிர்மறை' இன்னும் மோசம். தமிழில் எதிர்மறை என்றால் இல்லை என்பது: 'வராத பையன்' எதிர்மறைப் பெயரெச்சம். அந்தக் கணக்கில் எதிர்மறைக் கறை என்பது கறையாகாத கறை. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவ் என்று சொன்னது இருட்டும் வெளிச்சமும் மாறிக் கிடப்பதை. அந்த அர்த்தம் 'எதிர்மறை'யில் எங்கே இருக்கிறது? இன்னொன்று, வைரஸுக்குப் போடும்போது அது பெரும்பாலும் அமிலமாகவே இருப்பதில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தைச் சேர்த்து, புளிப்புப் போகப் பிஎச் 7 பக்கம் கொண்டுவந்துதான் விடுகிறார்கள். அப்போது அது பாஸ்போடங்ஸ்டேட் என்ற உப்பு. ஆக அந்த ஒரு வரியில் மூன்று சொல்லும் பொய்.

நான் 'புறக்கருமையூட்டல்' என்கிறேன். வெளியே இருட்டு. பொருளுக்குள்ளேயே உலோகம் பிடித்து அதுவே கருப்பாகத் தெரிந்தால், கொலாஜன் இழையில் பட்டை பட்டையாகத் தெரியுமே அப்படி, அது 'உட்கருமையூட்டல்'. அகம், புறம் என்று பிரிக்கத் தமிழுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்தக் கட்டுரை இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கடைசிப் பத்தியில் 'இக்கறை அமிலம் வினையூக்கியாகவும் பயன்படும்' என்று வேறு இருந்தது. வினையூக்கி என்பது எவ்வளவு நல்ல சொல், வேலையை அப்படியே சொல்கிறது! கூட்டுக்கு வெளியே தளர்வாக நிற்கும் அந்த மூன்று ஹைட்ரஜனால் இது கந்தக அமிலத்தைவிட வலுவான அமிலம். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் ஆவதை விரைவுபடுத்தும். தண்ணீரில் சுலபமாகக் கரைந்து போய்விடும் என்பதால் சிலிக்கா மேலோ கரி மேலோ ஏற்றிப் பயன்படுத்துவதுண்டு. இதே குடும்பத்து அமிலத்தை வைத்து 1972இல் ஜப்பானில் புரொப்பீனை ஐசோபுரொப்பனால் ஆக்கும் ஆலையே ஓடியது. அங்கே கறை எங்கிருந்து வந்தது?

அந்த வரியை அவளையே திருத்தி எழுதச் சொன்னேன். 'வைரஸைச் சுற்றிப் பாஸ்போடங்ஸ்டேட் கரைசலை உலர விட்டுப் புறக்கறுமை ஊட்டினார்கள்' என்று எழுதிக் கொண்டுவந்தாள். ரவுக்கு ற போட்டிருக்கிறாள். திருத்தவில்லை. கறுப்பு என்று எழுதலாம் என்றால் கறுமையும் இருந்துவிட்டுப் போகட்டும்.