நாகமாணிக்கம் என்று விலைபேசப்பட்ட போத்தல் மூடி

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு வாசகர் படமொன்று அனுப்பியிருக்கிறார். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், பட்டை தீட்டிய, பெருவிரல் பருமனான ஒரு "கல்". நாகபாம்பு கக்கிய மாணிக்கம் என்று சொல்லி இரண்டு பேர் இரவில் கொண்டுவந்தார்களாம். சின்ன ரோர்ச் ஒன்றைப் பிடித்ததும் பச்சையாய் எரிந்ததாம். விலை இலட்சக்கணக்கில். "இதில கொஞ்சமாவது உண்மை இருக்குதோ?" என்று கேட்கிறார்.

எரிந்தது உண்மை. பாம்புதான் பொய். படத்தில் அடிப்பகுதியைப் பெருப்பித்துப் பாருங்கள், குட்டையான ஒரு தண்டு தெரியும். மேற்பாகம் பளபளக்கிறது, தண்டு மட்டும் சொரசொரத்து மங்கியிருக்கிறது. வைன் ஊற்றிவைக்கும் பழைய கண்ணாடிக் குடுவையின் மூடி இது. இறுக்கமாகப் பொருந்துவதற்காக மூடியின் தண்டையும் குடுவையின் கழுத்தையும் அரைத்தெடுப்பார்கள். அந்த அரைத்த தடம்தான் மங்கல். பாம்புக்குப் பட்டறை வேலை தெரியாது.

பச்சை ஒளிக்குக் காரணம் கண்ணாடியில் கலந்த யுரேனியம் என்ற உலோகம். ஜேர்மன் இரசாயனவியலாளர் கிளப்ரோத் அதை 1789இல் கண்டுபிடித்தார். 1830களில், இன்றைய செக் நாட்டிலுள்ள பொகீமியாவில் ரீடல் என்ற கண்ணாடி உற்பத்தியாளர் அதை உருகிய கண்ணாடியில் கலந்து மஞ்சளும் பச்சையுமான பாத்திரங்கள் செய்து, மனைவியின் பெயரால் அன்னா மஞ்சள், அன்னா பச்சை என்று விற்றார். பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் செய்தார்கள். பெரும்பாலானவற்றில் யுரேனியம் நூற்றுக்கு இரண்டு பங்குதான்.

இனி எனக்குப் பிடித்த இடம். கண்ணாடிக்குள் யுரேனியம் தனியே இருப்பதில்லை. இருபுறமும் ஒவ்வொரு ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு நேர்கோட்டில் நிற்கும். அந்த இருவர் பிடித்தது கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கிற ரோர்ச்சாக இருக்கவேண்டும். அதிலிருந்து வருவது ஊதாவும், கண்ணுக்குத் தெரியாத கழியூதாவும் சேர்ந்த ஒளி, அலைநீளம் 395 நனோமீற்றர் அளவில். அதன் ஒளித்துணிக்கை ஒன்றில் 3.14 இலத்திரன்வோல்ற்று (அணுவளவில் சக்தியை அளக்கும் அலகு) சக்தி உண்டு. அது பட்டதும் ஒட்சிசனிடமிருந்த இலத்திரன் ஒன்று யுரேனியத்தின் வெறுமையான சக்தி மட்டத்துக்குத் தாவுகிறது. உடனே திரும்பிவிடாது. முதலில் சுற்றியுள்ள கண்ணாடியை அதிரவைத்துச் சக்தியில் கொஞ்சத்தை இழக்கும். சந்தைக்குக் கொண்டுபோன காசில் பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மீதிக்குத்தானே சாமான் வாங்கலாம்? இங்கே மிஞ்சுவது ஏறத்தாழ 2.38 இலத்திரன்வோல்ற்று. அதை ஒளியாக விட்டால் 520 நனோமீற்றர், அசல் பச்சை. கண்ணுக்கு மட்டுமட்டாய்த் தெரியும் ஊதா உள்ளே போய், கண் மிகக் கூர்மையாய் உணரும் நிறமாக வெளியே வருகிறது! புளோரொளிர்வு என்பது இதுதான்.

இதற்கும், யுரேனியம் தானாகவே கதிர் விடும் கதிர்த்தொழிற்பாட்டுக்கும் தொடர்பில்லை. அது அணுக்கருவின் வேலை, இது இலத்திரனின் வேலை. 1896இல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல், ஒளிர்வுக்கும் எக்ஸ் கதிருக்கும் தொடர்புண்டு என்று நினைத்துத்தான் பரிசோதனையைத் தொடங்கினார். வெயில் பட்டு ஒளிரும் யுரேனிய உப்பு எக்ஸ் கதிரையும் விடுகிறதா என்று பார்க்க நினைத்தார். பாரிஸில் மந்தாரம். வெயில் படாமல் உப்போடு இலாச்சிக்குள் கிடந்த படத்தட்டும் கறுத்திருந்தது. ஒளிராமலே உப்பு கதிரை விட்டிருக்கிறது.

வாசகர் செய்யவேண்டிய சோதனை சுலபம். அறையை இருட்டாக்கி ரோர்ச்சை அணைக்கச் சொல்லுங்கள். யுரேனியக் கண்ணாடியின் ஒளி ஒரு மில்லிசெக்கனுக்குள் போய்விடும். கதையில் வரும் மாணிக்கமோ தானாக எரியவேண்டும். அணைத்த பிறகும் நின்று ஒளிர்ந்தால் மகிழவேண்டாம். இரவில் மினுங்கும் மணிக்கூட்டு முள்ளில் பூசுகிற ஸ்ரொன்சியம் அலுமினேற்று மாதிரியான பூச்சு அது.

பழசுதானா என்பதை ஒளி சொல்லாது. யுரேனியக் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. மங்கனீசு கலந்த பழைய கண்ணாடியும் மங்கலாய்ப் பச்சை காட்டும், கட்மியம் கலந்தது மஞ்சளாய் ஒளிரும். வயதுக்கு உருவத்தைத்தான் பார்க்கவேண்டும். போத்தலில், அச்சின் பாதிகள் பொருந்திய இடத்தில் விழும் அச்சுக்கோடு கழுத்தோடு நின்று, வாய் தனியே கையால் முடிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பழசு. அமெரிக்கரான ஓவென்சின் தானியங்கிப் போத்தல் இயந்திரம் 1903க்குப் பிறகு பரவியதும் கோடு வாய்விளிம்புவரை ஏறிவிட்டது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது விளக்காக எரிந்த ஜாம் போத்தல் வீட்டில் மிஞ்சியிருந்தால் அதில் இந்தக் கோட்டைப் பார்க்கலாம். அதைச் சேகரிப்பதற்கு வேறு காரணமே போதும்.

ஆபத்தா என்றால், அலுமாரியில் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. அதில் தேசிக்காய்த் தண்ணீர் மட்டும் குடிக்கவேண்டாம், புளிப்பு யுரேனியத்தைக் கொஞ்சம் கரைக்கும். ஒருகாலத்தில் பெற்றோல்மக்ஸ் மென்டிலில், யுரேனியம் போலவே கதிர் விடும் தோரியம் இருந்தது. அதைக் கையால் கட்டி, உதிர்ந்த சாம்பலை ஊதித் தள்ளிய தலைமுறை நாங்கள்.

புதையல் தோண்டப்போய்ப் பிடிபடுகிறவர்களின் செய்தி ஓயாத ஊரில் எனக்கு ஓர் ஆசை. வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ, யாரும் ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டக்கூடிய மேசை ஒன்று வேண்டும். அதன்மேல், பொருளை உடைக்காமல் மூலகங்களைச் சொல்லும் எக்ஸ் கதிர்க் கருவி ஒன்று. விலை கூடியதுதான். ஆனால் மன்னார்ப் பக்கத்துப் பழைய மாந்தைத் துறைமுகத்து மண்ணில் கிடைத்த கண்ணாடி மணிகளை ஆராயவும் அதே கருவி உதவும். அதற்குப் பணமில்லை என்பார்கள், மாணிக்கத்துக்கு இலட்சம் கொடுக்க ஆளிருக்கிறது.

வாசகரின் கடைசிக் கேள்வி, இப்படிப் பழைய கண்ணாடி தேடிக் கிண்டலாமா என்பது. பழைய பங்களா வளவென்றாலும் வேண்டாம். மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியா என்று முதலில் கிராம சேவகரிடம் விசாரியுங்கள். மண்ணுக்கு மேலே கிடப்பதென்றாலும் வழக்கமில்லாத பாதையில் இறங்கி எடுக்கவேண்டாம்.