கிர்ஹென்ஷ்டொயர்: தசமபாகம் அல்ல, திருச்சபை வரி

ஜெர்மன் திருச்சபைகள் இன்றும் ஊருக்கு நல்லது செய்கின்றனவா என்று எழுதப் புகும் தமிழ்க் கட்டுரைகளில், 'மக்கள் தரும் தசமபாகத்தில் மருத்துவமனைகள் நடக்கின்றன' என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை.

அவர்கள் தசமபாகம் என்பது ஜெர்மனில் 'கிர்ஹென்ஷ்டொயர்', சபை உறுப்பினர்கள் கட்டும் வரி. அதில் 'கிர்ஹ' என்றால் திருச்சபை. 'ஷ்டொயர்' என்றால் வரி; பழைய ஜெர்மனில் முட்டு, உதவி. சொற்பிறப்பு இவ்வளவே.

தசமபாகம் என்பது வருவாயில் பத்தில் ஒன்று. அதற்கு ஜெர்மனில் 'ட்செஹ்ன்ட்' என்று தனிச்சொல்லே உண்டு. கிர்ஹென்ஷ்டொயரோ வருமானத்தின்மேல் அல்ல, வருமான வரியின்மேல் ஏறும் வரி: பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. ஆண்டுக்கு 40,000 யூரோ ஈட்டி 5,000 யூரோ வருமான வரி கட்டுபவர் 9 சதவீத மாநிலத்தில் சபைக்குத் தருவது 450 யூரோ. தசமபாகமென்றால் 4,000 ஆகியிருக்கும்!

'காணிக்கை' என்பாரும் உண்டு. சம்பளத்திலேயே பிடித்து வரி அலுவலகம் வசூலிப்பது எப்படிக் காணிக்கையாகும்? சபைகள் வரி விதிப்பது ஜெர்மனியின் 1919 வைமர் அரசியலமைப்பு தந்த உரிமை. இன்றைய அரசியலமைப்பான 1949 அடிப்படைச் சட்டத்தின் 140ஆம் பிரிவு அதை அப்படியே ஏற்றது. 'தேவாலய வரி' இன்னும் மோசம். வீட்டு வரி வீட்டுக்குப் போடுவது. அந்தக் கணக்கில் தேவாலயக் கட்டடம் வரி கட்டுவதாகிவிடும். 'திருச்சபை வரி'க்கும் அதே குற்றம் சொல்லலாமே என்றால், நம் நூலக வரியைப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு, உள்ளாட்சி வசூலித்து நூலகத்துக்குக் கொடுக்கிறது. வரிமேல் வரி, வசூலிப்பவர் வேறு, பெறுபவர் வேறு. அச்சாக அதே அமைப்பு. இதை விட்டுவிட்டு வேதாகமத் தமிழைத் தேடி ஓடுவது மொழிபெயர்ப்பாளர்களின் சோம்பல்தான்.

இரண்டாவது பிழை பணத்தில். கத்தோலிக்கச் சபையின் சேவை அமைப்பான காரிட்டாஸ், புராட்டஸ்டன்ட் சபையின் சேவை அமைப்பான டியாகோனி ஆகியவற்றின் மருத்துவமனைகளின் அன்றாடச் செலவைத் தருவது மருத்துவக் காப்பீடு. மழலையர் பள்ளிச் செலவில் பெரும்பங்கு அரசும் நகராட்சியும் தருபவை. சபை தன் பங்கைச் சேர்க்கிறது. திருச்சபை வரியில் பெரும்பகுதி குருமார் ஊதியம், ஊர்ச் சபைப் பணி, கட்டடப் பராமரிப்பு என்று போகிறது. நடத்துவது சபை என்பது உண்மை. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பணம் யாருடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சபையிலிருந்து விலகி இந்த வரியை நிறுத்திக்கொள்ளும் 'கிர்ஹென்ஆவுஸ்ட்ரிட்' என்பதை 'விசுவாச மறுதலிப்பு' என்பதும் இதே கும்பல்தான். பெர்லினில் நீதிமன்றத்திலும் பவேரியாவில் பதிவு அலுவலகத்திலும் அடையாள ஆவணம் காட்டி, கட்டணம் கட்டிச் செய்வது அது. 'சபை விலகல்' போதும்.