காற்று இறங்கினால் சரிந்துவிடும் ராக்கெட்

கனடாவின் ஒட்டாவா நகரில், அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு வெளியே, 1973 முதல் ஓர் அட்லஸ் ராக்கெட் நின்றிருந்தது. அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தின் சொத்து அது, இரவலாக வந்தது. 2015 பிப்ரவரியில் அதை இறக்கி, பிரித்து, அப்புறப்படுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அட்லஸ். 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென்னைச் சுமந்துபோய்ப் பூமியைச் சுற்ற வைத்ததும் ஓர் அட்லஸ்தான். ஒட்டாவாவில் நின்றது 5ஏ, ஆரம்பகால 'ஏ' வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் பறந்தவை மொத்தம் எட்டே எட்டு.

இப்படி ஒரு செய்தி வந்தால் நமக்கு முதலில் கோபம்தான் வரும். அவ்வளவு அரிய பொருளை இன்னும் கொஞ்சம் கவனித்து நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா? ஆனால் அட்லஸை 'நிறுத்தி வைப்பது' என்பது நாம் நினைக்கிற மாதிரி சும்மா விட்டுவைக்கிற காரியமில்லை. இரவும் பகலும் அதற்குள் காற்றை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று இறங்கினால், தன் எடையைத் தானே தாங்காமல் மடிந்து விழும்.

இதற்குக் காரணம் காரெல் போசார்ட். பெல்ஜியத்தில் பிறந்தவர், அட்லஸை உருவாக்கிய, சான் டியேகோவின் கான்வேர் நிறுவனத்தில் பொறியாளர். ராக்கெட்டின் எடையில் பெரும்பங்கு எரிபொருளும் திரவ ஆக்சிஜனும்தான். இவற்றைச் சுமக்கும் தொட்டி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் போகலாம். வழக்கமாகத் தொட்டிச் சுவருக்கு உள்பக்கம் விலா எலும்பு போலச் சட்டங்களை வைத்துப் பலப்படுத்துவார்கள். போசார்ட் அந்தச் சட்டங்களையே எடுத்துவிட்டார். மூன்று மீட்டர் விட்டமுள்ள குழாய், சுவர் வெறும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதன் தடிமன் சில இடங்களில் கால் மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டர்.

மெல்லிய தகட்டை இழுத்தால் நன்றாகத் தாங்கும். மேலிருந்து அழுத்தினால்தான் சிக்கல். எஃகின் வலிமை தீர்வதற்கு வெகு முன்பே, எங்கோ ஒரு சின்ன நெளிவில் சுவர் மடங்கத் தொடங்கி, கணப்பொழுதில் முழுவதும் சுருங்கிவிடும். திறக்காத சோடா டின்னின் மேல் ஏறி நிற்கலாம், குடித்து முடித்த டின்னைக் கையாலேயே நசுக்கலாம். இரண்டிலும் தகடு அதேதான். உள்ளிருக்கும் அழுத்தம் சுவரை எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால் நெளிவுக்கு இடமில்லாமல் போகிறது.

அதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்? மூன்று மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர், அதாவது 70,000 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் எடைக்குச் சமமான விசை இருந்தால் போதும், மொத்தம் 7 டன் மேல்நோக்கித் தள்ளும். இது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எரிபொருள் இல்லாத காலி அட்லஸின் எடை சில டன்கள் என்பதால், இந்தச் சிறு அழுத்தமே அதைப் பெரும்பாலும் தூக்கிப் பிடித்துவிடும்.

இந்த யோசனையைப் பலர் நம்பவில்லை. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த ராக்கெட் பொறியாளர் ஃபான் பிரவுனின் ஆட்களில் ஒருவரிடம் சுத்தியலைக் கொடுத்துத் தொட்டியில் அடிக்கச் சொன்னதாகவும், தொட்டி நசுங்கவில்லை, சுத்தியல்தான் எகிறியது என்றும் ஒரு கதை உண்டு. கதையைவிட நல்ல சான்று 1957 ஜூனில் கிடைத்தது. முதல் அட்லஸ் கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் கோளாறாகி, ராக்கெட் வானத்தில் குட்டிக்கரணம் போட்டது. அப்படியும் உடையவில்லை. கடைசியில் தரையிலிருந்து கட்டளை அனுப்பித்தான் அழிக்க வேண்டியிருந்தது.

மறுபக்கமும் தெரியவந்தது. 1963 மே மாதம், கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் ஏவுதளத்தில் நின்ற ஓர் அட்லஸ் அழுத்தம் இழந்து, நின்ற இடத்திலேயே துவண்டு சரிந்தது. அதன் படச்சுருள் இன்றும் காணக் கிடைக்கிறது. அத்தனை பெரிய எஃகுப் பொருள் துணி மாதிரி மடிவதைப் பார்த்தால் ஒட்டாவாக்காரர்களின் கவலை புரியும்.

சரி, நன்றாக மூடிவிட்டு, ஒருமுறை காற்றை நிரப்பி விட்டால் ஆகாதா? ஆகாது, குளிர் விடாது. ஒட்டாவாவில் கோடையில் 30 டிகிரி இருக்கும், குளிர்காலத்தில் சில இரவுகளில் மைனஸ் 25க்குப் போகும். கோடையில் வெளிக்காற்றைவிட 0.3 வளிமண்டலம் கூடுதலாக நிரப்பி மூடுகிறோம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். குளிரில் உள்ளிருக்கும் காற்றின் மொத்த அழுத்தம் 1.3இலிருந்து சுமார் 1.06க்கு இறங்கும். வெளியே அழுத்தம் 1 என்பதால், மிச்சம் 0.06தான். ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு, ஒரு கசிவும் இல்லாமலே காணாமல் போய்விட்டது. ஆகவே குளிரில் ஏற்ற கம்ப்ரசர், வெயிலில் இறக்க வால்வு, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு என்று ஆண்டு முழுவதும் ஓர் இயந்திரத்தை ஓட்டியாக வேண்டும்.

போதாக்குறைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தொட்டிகள். மேலே திரவ ஆக்சிஜன், கீழே எரிபொருள், நடுவில் மேல்நோக்கிக் குவிந்த மெல்லிய தடுப்பு. கீழ்த்தொட்டியில் எப்போதும் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தடுப்பு தலைகீழாகப் புரண்டுவிடும்.

அப்புறம் அரிப்பு. துருப்பிடிக்காத எஃகிலும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் நுண்ணிய குழிகள் விழும். தடித்த தகட்டில் அரை மில்லிமீட்டர் குழி ஒரு தழும்பு, இங்கே அது ஓட்டை. அட்லஸின் மேற்பரப்பைக் காக்க கான்வேர் பயன்படுத்தியது, சான் டியேகோவில் 1953இல் உருவான ஒரு தெளிப்பான். இறுகிப்போன கீல்களுக்கு இன்று நாம் அடிக்கிற டபிள்யூடி-40தான் அது! பறக்கும்வரை காத்தால் போதும் என்று நினைத்தவர்கள், நாற்பது ஆண்டு மழைக்கும் பனிக்கும் கணக்குப் போட்டிருக்க நியாயமில்லை.

ஹூஸ்டனில் இருக்கும், நிலவுக்கு மனிதரை அனுப்பிய வகையான சாட்டர்ன் 5 ராக்கெட்டை எண்ணிப் பாருங்கள். 1977 முதல் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தது, செடி முளைத்தது, பறவைகள் குடியேறின. ஆனாலும் பல ஆண்டுகள் கழித்துக் கட்டடம் எழுப்பி மீட்டுவிட்டார்கள். காரணம் எளிது. உள்ளே சட்டங்கள் கொண்ட அலுமினியச் சுவர், காற்றின் தயவில்லாமல் நிற்கக்கூடியது. அலட்சியத்தை அது பொறுத்துக்கொண்டது.

அட்லஸைக் காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நெப்ராஸ்காவின் ஆஷ்லாந்தில் 8ஏ இருக்கிறது, கென்னடி விண்வெளி மையத்தின் ராக்கெட் தோட்டத்திலும் ஓர் அட்லஸ் நிற்கிறது. அழுத்தம் இல்லாதபோது இரு முனைகளையும் பிடித்து இழுத்துவைக்கும் சட்டகம் அட்லஸுக்குப் பழைய விஷயம்தான், அந்தக் காலத்தில் கொண்டுசெல்லும்போதே அப்படிச் செய்தார்கள். படுக்கவைத்து, இழுத்துக் கட்டி, கூரைக்குள் கொண்டுபோனால் கம்ப்ரசர் தேவைப்படாது. என் கணிப்பில் ஒட்டாவாவில் இதற்கான காலம் 1990கள், சுவர் இன்னும் நல்ல நிலையில் இருந்திருக்கும்போது. 2014 செப்டம்பரில் பூஞ்சை பரவியதால் அருங்காட்சியகக் கட்டடத்தையே மூட வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில், முற்றத்தில் அழுத்தத்தை நம்பி நிற்கும் இருபது மீட்டருக்கு மேற்பட்ட எஃகுக் குழாயை அவர்கள் ஆபத்தாகப் பார்த்ததில் எனக்கு வியப்பில்லை.