நாமே கட்டும் படகு ஜெனரேட்டர்: கோட்டை விடுவது தண்ணீரில்தான்

நெடும்பயணம் போகும் பாய்மரப் படகில் சோலார் போதாத நாள்கள் வரும். வானம் நாலைந்து நாள் மூடிக்கிடக்க, ஃப்ரிட்ஜும் ஆட்டோபைலட்டும் கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கரும் பேட்டரியைக் காலி செய்துவிடும். அதற்காக 40 எச்.பி. மெயின் எஞ்சினை மணிக்கணக்கில் ஓட்டுவது எஞ்சினுக்கே கேடு. லோடு இல்லாமல் ஓடும் டீசலில் கரி படியும். நாளடைவில் சிலிண்டர் சுவர் வழவழத்துப்போய் ஆயில் குடிக்கத் தொடங்கும். சின்ன எஞ்சினில், பேட்டரிக்கு மின்சாரம் தரும் பெரிய ஆல்டர்னேட்டரைக் கட்டி, நல்ல லோடில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவதே சரி.

கணக்கு எளிது. 150 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட்டில் தருவது ஏறக்குறைய 2,100 வாட். அதன் செயல்திறன் 55 முதல் 60 சதவீதம்தான். ஆகவே எஞ்சின் 5 எச்.பி. கொடுக்க வேண்டும். குபோட்டா இஏ300 போல 7 எச்.பி.க்கு அருகில் வரும், தண்ணீரால் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் போதும். எஞ்சினில் 160 மி.மீ. புல்லி, ஆல்டர்னேட்டரில் 70 மி.மீ. புல்லி போட்டால், எஞ்சினின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஆல்டர்னேட்டர் 5,700 சுற்றுக்கு வரும். ஒற்றை வி-பெல்ட் 100 ஆம்பியருக்கு மேல் தாங்காது, கறுப்புத் தூளாக உதிரும். பல பள்ளம் கொண்ட தட்டை பெல்ட்டே நல்லது.

லித்தியம் பேட்டரி என்றால் இரண்டு விஷயம். அது கொடுத்த கரண்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் கொதித்துவிடும். அதன் கரண்டைக் கட்டுப்படுத்தும், வெப்ப சென்சார் உள்ள வெளி ரெகுலேட்டர் இல்லாமல் ஓட்டக்கூடாது. அடுத்து, சார்ஜ் ஏறும்போது பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு) பேட்டரியைத் திடீரெனத் துண்டித்தால், எழும் மின்னழுத்தத்தில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். பேட்டரி துண்டிக்கப்படும் முன்பே ஆல்டர்னேட்டரைக் காந்தமாக்கும் ஃபீல்டு கரண்டை ரெகுலேட்டர் நிறுத்துமாறு வயரிங் இருக்க வேண்டும். போக வர மொத்தம் 6 மீட்டர் கேபிளுக்கு 70 சதுர மி.மீ. போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும். ஃபியூஸ் பேட்டரிப் பக்கம்.

இதுவரை சொன்னதில் தவறினால் போவது ஒரு ஆல்டர்னேட்டர். எக்ஸாஸ்ட்டில் தவறினால் எஞ்சினே போகும். படகில் கடல்நீரைப் புகையோடு கலந்து குளிரவைத்து, வாட்டர்லாக் என்ற தொட்டி வழியாக வெளியே தள்ளுகிறோம். எஞ்சின் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். நிறுத்தியதும், கலக்கும் இடத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் ஹோஸில் நிற்கும் தண்ணீர் சைஃபனாக மாறி, கடலிலிருந்து சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. கூட இல்லையென்றால், அந்த ஹோஸை நீர்மட்டத்துக்குக் குறைந்தது 30 செ.மீ. மேலே தூக்கி வளைத்து, உச்சியில் காற்றை உள்ளே விட்டு சைஃபனை முறிக்கும் வால்வு வைத்தே ஆக வேண்டும். படகு நேராக நிற்கும்போது அளந்தால் போதாது. காற்றில் சாய்ந்து ஓடும்போதும் வளைவு மேலேயே இருக்க, அதைப் படகின் நடுக்கோட்டை ஒட்டி வையுங்கள்.

அந்த வால்வுக்குள் இருப்பது விரல்நுனி அளவு ரப்பர் இதழ். உப்பு பூத்து மூடியபடி ஒட்டிக்கொண்டால் சைஃபன் தொடங்கிவிடும். திறந்தபடி ஒட்டிக்கொண்டால் உப்புநீர் கீழே சொட்டும், கீழே இருப்பது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும்.

இன்னொரு பொறி, ஸ்டார்ட் ஆகாத எஞ்சின். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். ஆள் விடாமல் செல்ஃப் அடிப்பார். ஓடும்போது நிமிடத்துக்கு 12 லிட்டர் தள்ளும் பம்ப், செல்ஃப் வேகத்திலும் ஒரு லிட்டருக்கு மேல் தள்ளும். அதை வெளியேற்றப் புகையின் அழுத்தம் இல்லை. பத்து பத்து விநாடியாக இருபது முறை அடித்தால் நாலு லிட்டர். சின்ன வாட்டர்லாக் நிரம்பி, தண்ணீர் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வைத் தொட்டுவிடும். இரண்டு மூன்று முறைக்கு மேல் அடிக்க நேர்ந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள். எஞ்சின் பிடித்தவுடன் திறக்க மறந்தால் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ஆகவே வால்வின் கைப்பிடியைச் சாவியோடு கயிறு போட்டுக் கட்டும் பழைய பழக்கம் மோசமில்லை. கருகிய இம்பெல்லரின் உடைந்த இதழ்களை எண்ணிப் பாருங்கள். குறைகிற ஒன்று, கடல்நீரால் எஞ்சினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் கிடக்கும்.

தண்ணீர் புகுந்துவிட்டால் செல்ஃபைத் தொடாதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கடல்நீர் வால்வை மூடி, வாட்டர்லாக்கை வடித்து, இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால்டீ நிறத்தில் இருந்தால் மாற்றி, பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். நிறம் தெளியும்வரை இதே வேலை. அன்றைக்கே முடிக்க வேண்டும். விட்டுவைத்தால் சிலிண்டரில் துரு ஏறி ரிங் இறுகிவிடும்.

எக்ஸாஸ்ட்டுக்குக் கார் ரேடியேட்டர் ஹோஸ் போடுபவர்களும் உண்டு. கடல்நீர் வருவது நின்றால் அந்த ஹோஸ் உருகிப் புகை கேபினுக்குள் வரும். படகுக்கென்றே வரும் எக்ஸாஸ்ட் ஹோஸ், முனைக்கு இரண்டு கிளிப், கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஹோஸின் மேல் ஒரு வெப்ப சுவிட்ச். அந்த சுவிட்ச் நேரே எஞ்சினை நிறுத்த வேண்டும், வெறும் பஸ்ஸர் அடித்தால் போதாது. படுக்கும் கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டாமல் முதல் ஸ்டார்ட் வேண்டாம்.