நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள்

சம்பா நடவு முடிந்து மழையும் பிடித்துக்கொண்டால், எங்கள் பயிர் மருத்துவ நிலையத்துக்கு வரும் நெல் இலைகளில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கும். நுனியில் தொடங்கி ஓரம் வழியாக நெளிநெளியாக மஞ்சளித்து, வைக்கோல் நிறத்தில் காய்ந்திருக்கும். பாக்டீரியா இலைக்கருகல். "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, நாற்றை எப்படி நட்டீர்கள் என்றுதான்.

பல பூஞ்சைகள் இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பாக்டீரியாவால் அது முடியாது. அதற்குத் திறந்த வழி வேண்டும். செடி மூச்சுவிடும் இலைத்துளைகள் அப்படி ஒரு வழி. ஆனால் செடி அதைச் சும்மா திறந்துபோட்டு வைத்திருப்பதில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெங் யாங் ஹே குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தைத் துளையின் இருபுறமும் உள்ள காப்பு செல்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. உடனே அவற்றிலிருந்து உப்பு அயனிகள் வெளியேற, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. செல்கள் தளர்ந்து, ஓரிரு மணி நேரத்தில் துளை மூடிக்கொள்கிறது. நரம்பு இல்லை, மூளை இல்லை. இருந்தும் இந்த விழிப்பு! ஒவ்வொரு முறை நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

எதிரியும் லேசுப்பட்டதல்ல. தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, கொரோனாடின் என்ற நச்சைச் சுரக்கிறது. செடியின் சொந்த ஹார்மோனைப் போலவே வேடமிடும் அந்தப் பொருள், மூடிய துளையை மூன்று நான்கு மணி நேரத்தில் மீண்டும் திறக்க வைத்துவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருந்தால் இந்தத் தற்காப்பு தானாகவே தளர்ந்துபோவதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே மழைக்காலத்தில் தக்காளிக்கு மேலிருந்து தண்ணீர் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது வரிசைக்குள் நடமாட வேண்டாம்.

நெல்லின் கதை சற்று வேறு. இலைக்கருகல் பாக்டீரியா முக்கியமாக நுழைவது இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாக. விடியற்காலையில் நெல் நுனியில் முத்து முத்தாக நிற்கும் நீர் அங்கிருந்துதான் கசிகிறது. அவை இலைத்துளைகள் அளவுக்கு இறுக மூடிக்கொள்வதில்லை. அங்கிருந்து பாக்டீரியா நேரே இலையின் நீர்க்குழாய்களுக்குள் போய்விடலாம். இது போதாதென்று, நாற்று உயர்ந்துவிட்டது என்று நுனியைக் கிள்ளி நடுகிறோம். வெட்டுவாய்க்கு மூடிக்கொள்ளும் செல் எது? குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியலை அகற்ற நுனி கிள்ளச் சொல்வதும் உண்டு. இலைக்கருகல் வழக்கமாக வரும் வயல் என்றால், முட்டை உள்ள நாற்றை மட்டும் தேடி எடுத்தால் போதும் என்பது என் கருத்து.

மருந்துக்கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுனை நீருக்குள் இருக்கும்படி நிறுத்துங்கள். சில நிமிடங்களில் பால்போல் ஓர் இழை இறங்கினால் அது பாக்டீரியா. இறங்காவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பூஞ்சைக்கொல்லியோ பூச்சிமருந்தோ கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள்.

இலைக்கருகல்தான் என்று உறுதியானால், தாமிர மருந்து இலையின் வெளிப்பரப்பை மட்டுமே காக்கும். குழாய்க்குள் போய்விட்டதை எட்டாது. அந்த வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். யூரியாவின் அடுத்த தவணையை, நோய் பரவுவது நிற்கும்வரை தள்ளிப்போடுங்கள்.