டென்சிட்டின்னா கனமா, கெட்டியா? 'அடர்த்தி' சொல் விளக்கம்

டென்சிட்டிக்கு நம்ம பாடப்புத்தகத்துல இருக்குற சொல் அடர்த்தி. இதவிட பொருத்தமா இன்னொரு சொல் கிடையாதுன்னே சொல்லுவேன். ஆனா மதுரைப் பக்கம் பிள்ளைங்ககிட்ட அடர்த்தின்னா என்னன்னு கேட்டா கனம்னு சொல்லும், இல்லன்னா கெட்டியா இருக்குறதுன்னு சொல்லும், ரெண்டுமே கிடையாது.

இங்கிலீஷ் சொல்லு லத்தீன்ல 'டென்சுஸ்'ல இருந்து வந்தது, நெருக்கமானதுன்னு அர்த்தம். தமிழ்ல 'அடர்'ங்குற வினைக்கும் நெருங்குறதுதான் பொருள், அடர்ந்த காடு, அடர்த்தியான முடின்னு தினமும் பேசுறோம்ல. நெருக்கமா கட்டுன ஒரு முழம் மல்லியவும் இடம் விட்டுக் கட்டுன ஒரு முழத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, நீளம் ஒண்ணுதான், ஆனா அதுக்குள்ள இருக்குற பூ வேற. பொருளுக்கு வரும்போது நீளத்துக்குப் பதிலா பருமன், அதாவது அது அடைச்சுக்குற இடம், பூவுக்குப் பதிலா நிறை, அதாவது தராசுல வச்சா வர்ற கிராம் கணக்கு. நிறையை பருமனால வகுத்தா அடர்த்தி, அம்புட்டுதேன்.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் 'கன'ங்குற சொல். சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, பேச்சுல கனம்னா பாரம், ஆனா கன அளவு, கன சென்டிமீட்டர்னு வந்தா அது இடத்தைக் குறிக்குது, பிள்ளை என்ன செய்யும்? அதனால கன அளவுன்னு சொல்றதவிட பருமன்னு சொல்லிக்குடுத்தா நல்லதுன்னு நினைக்கிறேன்.

கெட்டிங்குறது இன்னொரு வம்பு. விளக்கெண்ணெய் எவ்வளவு கெட்டியா மெதுவா ஒழுகும், ஆனா அதோட அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.96 கிராம் போலதான், தண்ணிக்கு 1, அதனால தண்ணி மேல மிதக்கும். பாதரசம் சரசரன்னு ஓடும், ஆனா 13.6. ஒழுகுறதுல இருக்குற கெட்டித்தனத்துக்குப் பேரு பாகுநிலை, அது தனிக் கணக்கு.

அளந்து பாத்தா சொல்லு மனசுல நிக்கும். மேலூர்ப் பக்கம் கிடைக்குற கிரானைட் சில்லு ஒண்ணு எடுத்து, காஞ்ச கல்லாவே முதல்ல தராசுல வைக்கணும், நனைஞ்ச பிறகு வச்சா ஒட்டியிருக்குற தண்ணியும் சேந்துரும். அப்புறம் அளவு ஜாடில 50 மில்லி தண்ணி ஊத்தி, நூல்ல கட்டி மெதுவா இறக்கணும், கல்லுல ஒட்டுன காத்துக் குமிழிய நூல ஆட்டி விட்டுட்டு, கண்ண தண்ணி மட்டத்துக்கு நேரா கொண்டுவந்து, தண்ணி மேல்மட்டம் குழிஞ்சு நிக்கும்ல, அந்த வளைவோட அடிப்பக்கத்தப் படிக்கணும். கல்லு 54 கிராம், மட்டம் 50ல இருந்து 70க்கு ஏறுச்சுன்னா பருமன் 20 மில்லி, அதாவது 20 கன சென்டிமீட்டர், 54ஐ 20ஆல வகுத்தா அடர்த்தி 2.7. கிரானைட்டுக்கு இதே அளவுதான் வரும். செங்கல் துண்டுல இத அப்படியே செய்யாதீங்க, அது தண்ணிய உறிஞ்சுறதால மட்டம் கம்மியா ஏறி அடர்த்தி கூடுதலா வந்துரும்.

தண்ணியோட ஒப்பிட்டுச் சொன்னா அது ஒப்படர்த்தி, அதுக்கு அலகு கிடையாது. பால் சொசைட்டில முக்கிப் பாக்குற லேக்டோமீட்டர், தமிழ்ல பால்மானி, இதத்தான் காட்டுது, 28ன்னு நின்னா 1.028. தண்ணி கலந்தா இறங்கும், ஆடைய எடுத்தா ஏறும், ரெண்டையும் சேத்துச் செஞ்சா நல்ல பால் மாதிரியே காட்டும், அதனாலதான் கொழுப்பையும் தனியா டெஸ்ட் பண்ணுறாங்க.