புகைக்கு அப்பால் மான்: கரிமருந்துத் துப்பாக்கி இயங்கும் விதம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வழக்கமாகத் தொடங்கும் ஒரு தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. 1974 முதல் நடந்துவரும் அந்தப் பருவத்துக்குரிய துப்பாக்கி, சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றுவது. வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கெட்டிக்க வேண்டியது. இத்தகைய துப்பாக்கியால் முதல் மானை வீழ்த்தியவர்களின் நினைவுகளில் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன: விசையை இழுத்தபின் நெஞ்சை அடைக்கும் ஒரு தாமதம், முகத்தருகே ஒரு தீச்சுடர், மானை முழுவதுமாக மறைத்துவிடும் வெண்புகை. மான் விழுந்ததா ஓடியதா என்பது புகை கலையும்வரை தெரியாது. இந்த மூன்றுக்கும் காரணம், கரிமருந்து என்னும் அந்தப் பழைய வகை வெடிமருந்து தீப்பற்றி எரியும் விதமே.

தாமதத்திலிருந்து தொடங்கலாம். விசையை இழுத்ததும், ‘குதிரை’ எனப்படும் சுத்தியல் போன்ற உறுப்பின் வாயில் இறுக்கப்பட்ட கல் எஃகுத் தகட்டின்மீது உரசி, அதிலிருந்து மிக நுண்ணிய சீவல்களைப் பெயர்க்கிறது. பொறியாகத் தெரிவது கல் அன்று. புதிதாகப் பெயர்ந்த அந்த இரும்புத் துகள்தான் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிகிறது. பொறிகள் குழலின் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் விழுந்து அங்குள்ள பொடிமருந்தைப் பற்றவைக்க, அச்சுடர் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள துளை வழியாகப் பாய்ந்து, குழலுக்குள் கெட்டித்த மருந்தை அடைகிறது. இத்தனையும் நன்றாகப் பேணப்பட்ட துப்பாக்கியில் நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும் என்றாலும், கண்ணருகே சுடர் எழும் அந்தக் கணத்தில் தலையைத் திருப்பாமல் குறியை அசையாது வைத்திருப்பதே இவ்வேட்டையின் முழுத் திறமை என்று சொல்வேன். துளைக்குள் பொடிமருந்து அடைந்துகொண்டால் தீ அதைத் திரிபோல எரித்துக்கொண்டே உள்ளே செல்ல வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் கூடும். துளை வெறுமையாக இருந்தால் சுடர் நேரே பாயும். பனியிலோ மழையிலோ கிண்ணத்து மருந்து நனைந்தால் வெடி எழுவதேயில்லை.

இந்தச் சுடரால் அலுத்துப்போன வேட்டைக்காரர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்த் திருச்சபைப் போதகர் அலெக்சாண்டர் ஃபோர்சித். கிண்ணத்தில் எழும் ஒளியைக் கண்டு பறவைகள் எச்சரிக்கை அடைந்து, குண்டு வருவதற்குள் தப்பிவிடுவதை அவர் கவனித்தார். அடித்தாலே வெடிக்கும் ஃபுல்மினேட் என்னும் சேர்மத்தால் தீமூட்டும் அமைப்பை உருவாக்கி, 1807இல் காப்புரிமை பெற்றார். அடித்தால் தீப்பற்றும், பின்னர் வந்த சிறு செப்புத் தொப்பிகளுக்கும் அங்கிருந்தே வழி திறந்தது.

புகையின் கதை இன்னும் சுவையானது. கரிமருந்து என்பது ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 விழுக்காடு கரி, 10 விழுக்காடு கந்தகம் சேர்ந்த கலவை. வெடியுப்பு ஆக்சிஜனைத் தருகிறது; கரி எரிபொருளாகிறது; கந்தகம் எளிதில் தீப்பற்ற உதவுகிறது. எரிந்தபின் நைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு போன்ற வாயுக்கள் குண்டைத் தள்ளுகின்றன என்பது உண்மையே. ஆனால் மருந்தின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வாயுவாவதில்லை. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட் போன்ற திடப்பொருள்களாகவே எஞ்சுகிறது. அவற்றின் நுண்துகள்களே அந்த வெண்திரை. 1884இல் பிரான்சின் வேதியியலாளர் பால் வியேய், நைட்ரிக் அமிலத்தால் பதப்படுத்திய பஞ்சு போன்ற நைட்ரோசெல்லுலோஸிலிருந்து உருவாக்கிய மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடுவதால்தான் இன்றைய துப்பாக்கிகளில் இப்படிப் புகை எழுவதில்லை.

புகையாகப் போகாத கசடு குழலின் உட்சுவரில் படிகிறது. அதனால் இரண்டாவது குண்டைக் கம்பியால் அழுத்தி இறக்குவது கடினமாகிறது. மீண்டும் கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். எனவே வேட்டைக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வெடிதான். உருண்டையான ஈயக்குண்டு காற்றால் மிக விரைவில் தடைபடுவதும் அவரை மானுக்கு அருகே வரச்செய்கிறது. அரை அங்குலக் குழலுக்கான, சுமார் 11 கிராம் எடையுள்ள குண்டு, நூறு மீட்டர் கடப்பதற்குள் தன் வேகத்தில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிடுகிறது.

குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. கொழுப்புத் தடவிய துணித்துண்டு ஒன்று அதைச் சுற்றி இறுக்கி, குழலின் திருகு பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழலச் செய்வதோடு, வாயு கசியாமலும் தடுக்கிறது. வெளியேறியதும் துணி சில மீட்டர் தொலைவில் விழுந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் அதைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள்: கருகியிருந்தால் வாயு கசிந்திருக்கலாம், கிழிந்திருந்தால் பள்ளங்களின் விளிம்பு கூராக இருக்கலாம்.

மான் கிடைத்த மகிழ்ச்சியிலும் அன்றிரவே துப்பாக்கியைக் கழுவியாக வேண்டும். பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு. ஓரிரு நாள் விட்டால் இரும்பில் துரு ஏறிவிடும். அந்த உப்பு நீரில் எளிதில் கரையும் என்பதால், வெந்நீரும் சிறிது சோப்பும் போதும். உலர்த்தியபின் எண்ணெய் பூச வேண்டும்.